வாங்கும் முன், வாங்கிய பின்: பழைய மில்லிங் மெஷின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு வேர்க்‌ஷொப்புக்குப் பழைய மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) வாங்குவது பற்றியவை. கைபேசிக் கடன், குளிர்சாதனப்பெட்டி வழக்குகள் அடுத்த முறைக்கு.

மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையின் வேர்க்‌ஷொப்பில் பழைய பிரித்தானிய மில்லிங் மெஷின் ஒன்று நிற்கிறது. பழைய இரும்பு விலைக்குத் தருவதாகக் காவலாளி சொல்கிறார். வாங்கலாமா? (ஹட்டன்)

அது காவலாளியின் வீட்டு ஆட்டுக்கல்லா, அவர் விற்பதற்கு? தோட்டத்தின் உடைமையை விற்கும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட்ட கடிதம், பற்றுச்சீட்டு, கேட் பாஸ் மூன்றும் கையில் இல்லாமல் லொறியைக் கொண்டுபோகாதீர்கள். வழியில் பொலிஸார் மறித்தால் காவலாளியைக் காணக் கிடைக்காது.

காகிதம் சரியென்றால் மெஷினைவிடப் பக்கத்து அலுமாரியை நன்றாகப் பாருங்கள். கட்டரைப் பிடிக்கும் ஆர்பர், கொலெட், வேலைத்துண்டை இறுக்கும் வைஸ், அதைச் சம அளவாகத் திருப்பும் டிவைடிங் ஹெட், கைப்பிடிகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தேடி வாங்கப் போனால் மெஷின் விலையைத் தாண்டிவிடும். இரும்பு விலைக்கு மெஷினைக் கொடுப்பவர்கள் அலுமாரியையும் அதே விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலரை இலட்சம் கொடுத்து, பழைய மெஷின் விற்கும் கடையொன்றில் மில்லிங் மெஷின் வாங்கினேன். புதிது போலப் பச்சைப் பெயின்ட். இரண்டு வாரத்தில் மேசையின் ஓரத்தில் பெயின்ட் உரிந்தது. உள்ளே பட்டி; பட்டிக்குள் வெடிப்பு. "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார் கடைக்காரர். (பண்டாரவளை)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. பழைய மெஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் மீது எனக்குள்ள கோபம் சின்னதல்ல. என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு வைஸ் இருக்கிறது. சிவப்பு மினுமினுக்க ஒரு கடையில் வாங்கியது. முதல் முறை இறுக்கியபோதே தாடை விண்டுபோனது. வெடிப்பின் மேல் பெயின்ட் ஓடியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

ஓடும் மெஷினுக்குப் பெயின்ட் தேவையே இல்லை. எண்ணெய்க் கறை படிந்த பழைய சாம்பல் நிறம் எதையும் மறைக்காது. அதனால் புதுப் பெயின்ட் அடித்த மெஷின் என்றால் முதலில் எண்ணெய் விடும் துவாரங்களைத் தேடுங்கள். அவற்றின் மேலேயே பெயின்ட் ஓடியிருந்தால், அடித்தவருக்கு மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது. அல்லது தெரிந்தே செய்திருக்கிறார். மேசை வழுக்கும் பாதையில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தொழிற்சாலையில் கையால் சுரண்டிய சிறு சிறு தடங்கள் இரு முனைகளிலும் இருந்து, நடுவில் மட்டும் இல்லாவிட்டால் அந்த இடம் தேய்ந்துவிட்டது. அடுத்து, கைச்சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்புங்கள். மேசை அசையத் தொடங்குமுன் டயல் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். அங்குல அளவுள்ள மெஷின்களில் ஒரு சுற்று பெரும்பாலும் 200 தவு, அதாவது 0.200 அங்குலம். கால் சுற்று வீணாக ஓடினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் தளர்ச்சி. மேசையை நகர்த்தும் ஸ்குரூவில் ஓடும் வெண்கல நட்டை மாற்றினால் தீரும் என்பார்கள். ஸ்குரூவே நடுவில் தேய்ந்திருந்தால் தீராது. நடுவுக்கு ஏற்றபடி நட்டை இறுக்கினால் முனைகளில் சிக்கும். இத்தனையும் பார்த்த பிறகு, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட் இல்லை, பெல்ட் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றால், நாளைக்கும் போக வேண்டாம்.

இனி உங்கள் வழக்கு. வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் பொறுப்பல்ல என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் இருப்பதுதான். கடைக்காரர் அதைத்தான் பாதி சொல்கிறார். ஆனால் பட்டி வைத்து மூடியதை எந்தச் சோதனை காட்டும்? எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தை இப்போதே படம் எடுங்கள், மேற்கொண்டு சுரண்டாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் போக வேண்டும், தொலைபேசி 1977. மத்தியஸ்த சபையும் இருக்கிறது. வெடிப்பு டீ-ஸ்லொட்டின் (மேசையில் போல்ட் பூட்டும் பள்ளத்தின்) உதட்டில் மட்டும் என்றால் மெஷின் பிழைக்கும், விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். வழுக்கும் பாதைக்குள் போயிருந்தால் மெஷினையே திருப்பிக் கொடுங்கள்.

துளைபோடும் மெஷினில் மில்லிங் கட்டர் பூட்டி வேலை செய்யலாமா? (பதுளை)

கூடாது. பக்கவாட்டில் அழுத்தம் விழுந்தால் கட்டரைப் பிடிக்கும் சக் கழன்று விழும், சுற்றிக்கொண்டே.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மோட்டார் மூன்று ஃபேஸ் என்று தெரிந்தது. வீட்டில் ஒற்றை ஃபேஸ். என்ன செய்வது? (கம்பளை)

மோட்டாரில் ஒரு தகடு ஆணியடித்திருக்கும், அதில் எழுத்தும் இருக்கும். லொறிக்குப் பணம் கட்டுமுன் அதைப் படித்திருக்கலாம்.

வழி இருக்கிறது. ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி மூன்று ஃபேஸாக்கித் தரும் விஎஃப்டி பெட்டி ஒன்று வாங்குங்கள். தகட்டில் 230/400 என்று இருந்தால் மோட்டாரை டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைக்கும் முறை) மாற்றிக் கட்ட வேண்டும். 400 மட்டும் என்றிருந்தால், பெரும்பாலும் உள்ளே முடிச்சுப் போட்டிருக்கும் ஸ்டார் இணைப்பை (சுருள்களின் முனைகள் ஒரே இடத்தில் சேரும் முறை) பிரித்து வயர்களை வெளியே எடுக்க வேண்டும். அது வைண்டிங் கடைக்காரரின் வேலை. மெஷினில் உள்ள பழைய முன்-பின் சுவிட்சைப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் இடையில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் பெட்டி எரிந்துபோகலாம். உத்தரவாதக்காரர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார்.

பொலித்தீன் போட்டு மூடியும் துருப்பிடிக்கிறது. (நுவரெலியா)

பொலித்தீன் போட்டதால்தான். இரவில் இரும்பு குளிர்ந்துவிடும்; காலையில் ஈரக்காற்று அதில் பட்டதும் வியர்க்கும்; பொலித்தீன் அந்த ஈரத்தைப் போகவிடாது. தடித்த பருத்தித் துணியால் மூடி, உள்ளே வெப்பம் தரும் பழைய மாதிரி இழைக் குமிழ் ஒன்றைத் துணியில் படாமல் எரியவிடுங்கள். வழுக்கும் பாதைகளுக்கு 68 தர எண்ணெய் (68 என்பது எண்ணெயின் தடிப்பைக் காட்டும் இலக்கம்) பூசுங்கள். பிடித்த துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய தேய்ப்புத் துணியும் கொண்டு எடுங்கள். கிரைண்டரைப் பாதைகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கழற்றிய சிறு பாகங்களைச் சலவைச் சோடா நீரில் போட்டு பெட்டரி சார்ஜரால் சுத்தம் செய்யலாம். பாகத்துக்கு எதிர்முனை, எதிரே வைக்கும் தகட்டுக்கு நேர்முனை. அந்தத் தகடு சாதாரண இரும்பாக இருக்கட்டும். எவர்சில்வர் வைத்தால் நஞ்சுள்ள குரோமியம் கரைந்து வரும். வேலை நடக்கும் இடம் திறந்த வெளி.

பிரிட்ஜ்போர்ட் வகை மெஷின். என்னிடம் உள்ள மோர்ஸ் டேப்பர் (ஒரு வகைக் கூம்புப் பிடி) கருவிகள் ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுற்றும் தண்டில்) பொருந்தவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (நாவலப்பிட்டி)

யாரும் ஏமாற்றவில்லை. அந்த வகையில் பெரும்பாலும் ஆர்8 என்ற வேறொரு டேப்பர்தான் இருக்கும். கொலெட் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கொலெட்டை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் ட்ரோபாரின் நூலை மட்டும் அளந்துகொண்டு வாங்குங்கள். அசல் அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 நூல். மெட்ரிக் நூலோடும் சில வந்திருக்கின்றன.

தெருவிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி இறக்கம். மெஷினை எப்படி இறக்குவது? (மஸ்கெலியா)

அந்தப் படிகள் மெஷின் வாங்கிய அன்றும் அங்கேதானே இருந்தன? பிரிட்ஜ்போர்ட் அளவுள்ளது ஏறக்குறைய 900 கிலோ, பாரமெல்லாம் மேலே. தலை, ராம் (தலையைத் தாங்கும் கை), மேசை மூன்றையும் தெருவிலேயே கழற்றித் தனித்தனியாக இறக்குங்கள். தூணைச் சங்கிலி புளொக்கில் கட்டி, பலகை மேல் படிப்படியாக விடுங்கள். கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது, கயிறு பிடிக்கும் மைத்துனரும்கூட.

பற்றுச்சீட்டு கேட்டால் விலை கூடும் என்கிறார் கடைக்காரர். (ஹப்புத்தளை)

கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. அதில் மெஷினின் பெயர், தொடரிலக்கம், "ஓட்டிக் காட்டப்பட்டது" என்ற வார்த்தை, கூட வரும் பாகங்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் முற்பணத்தைக் கொடுக்காதீர்கள்.