சோல் பாடகியின் முதல் ஆல்பத்தில் ராப்பும் ரெகேயும் ஏன் கலந்து வருகின்றன?

சோல் என்பது 1950களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து பிறந்த இசை. அதாவது, பிறப்பிலேயே அது கலப்பிசை. அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் 1998இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' இதற்குச் சிறந்த சான்று. சோல், ராப் இடம்பெறும் ஹிப்ஹாப், ஜமைக்காவின் ரெகே, தேவாலயப் பாட்டான காஸ்பல் நான்கும் அதில் இயல்பாகச் சேர்கின்றன. காரணம், இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போன்றவை. வெவ்வேறு ஊர்களில் வளர்ந்தாலும் குரலில் சாயல் தெரியும்.

'டு சயான்' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். கார்லோஸ் சான்டானாவின் கிட்டார் மெல்ல இழைகிறது. அதன் அடியில் அணிவகுப்பு நடை போன்ற டிரம். பிறகு சேர்ந்திசைக் குரல்கள் எழுகின்றன. தலைமகனைப் பற்றித் தாய் பாடும் பாட்டு அது. எந்த இடத்திலும் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் உச்சம் இதுவே. 1999இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது.

முதல் ஆல்பம் என்றதும் இதை ஒரு புதுமுகத்தின் சோதனை முயற்சி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஃப்யூஜீஸ் என்ற ஹிப்ஹாப் குழுவுடன் 1994இலும் 1996இலும் இரண்டு ஆல்பங்களை அவர் வெளியிட்டிருந்தார்.