வாசகர் கேள்வி பதில்: கடன்பட்டுச் சர்வதேசப் பாடசாலையா?

கேள்வி: கணவர் கடற்றொழிலாளி. மகளை ஆங்கிலத்துக்காகக் கடன்பட்டாவது சர்வதேசப் பாடசாலையில் தரம் ஒன்றில் சேர்க்கலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: கடன்பட வேண்டாம், சகோதரி. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் வழியே பாடநூலும் சீருடைத் துணியும் அரச பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கும்போது, சர்வதேசப் பாடசாலையிலோ அனுமதிக் கட்டணம், தவணைக் கட்டணம், வாகனக் கூலி, பின்னர் வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம் எனச் செலவு ஆண்டுக்கணக்கில் நீளும். மாரிக்கடல் கொந்தளித்து வள்ளம் கரையில் கிடக்கும் மாதங்களிலும் அதைக் கட்டியே ஆகவேண்டும். அரச பாடசாலையிலும் வசதிக் கட்டணம், ரியூஷன் என்று பணம் கரைவது உண்மைதான், அது எனக்கும் வேதனையே. ஆயினும் ரியூஷனை வருமானத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். ஆங்கிலத்துக்கு நல்லதொரு மாலை வகுப்பு போதும். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர்கள் உள்ளனவா என்பதை இப்போதே பாருங்கள். அருகிலுள்ள பாடசாலையில் அனுமதி பெற அது முக்கியம்.