அந்த 5 மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பிரெஞ்சு எடுக்கிறேன். போன வருடம் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் 95-க்கு மேல். மே மாதம் பாண்டிச்சேரிக் கடற்கரையில் அவர்களில் ஒருத்தியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பிரெஞ்சு அம்மாள் வந்து அவளிடம் பிரெஞ்சில் மணி கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 97 வாங்கிய பெண் அவள். தப்பு என்னுடையதா, தேர்வுடையதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெரும்பகுதி தேர்வுடையது. 100-இல் 80 எழுத்துத் தேர்வுக்குப் போய்விடுகிறது. அந்த மூன்று மணி நேரமும் காதுக்கும் வாய்க்கும் வேலையே இல்லை. தேர்வில் வராததை வகுப்பில் நடத்த எந்தப் பள்ளியும் நேரம் கொடுப்பதில்லை.

பிரெஞ்சைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. 'நான் பேசுகிறேன்', 'நீ பேசுகிறாய்', 'அவர்கள் பேசுகிறார்கள்' மூன்றுக்கும் வினையின் ஈறு எழுத்தில் வேறு வேறு. காதில் மூன்றும் 'பார்ல்'தான். கண்ணால் மட்டும் படித்த பிள்ளை அந்த ஈறு ஒலிக்கும் என்று காத்திருக்கும், அது ஒலிக்கவே ஒலிக்காது. 'மணி என்ன' என்ற கேள்வியும் அப்படித்தான். தாளில் தனித்தனிச் சொற்கள், பேசும்போது ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மூச்சில் ஓடிவிடும். உங்கள் மாணவிக்கு அந்தச் சொற்கள் எல்லாம் தெரிந்திருக்கும். அவை சேர்ந்து வரும் ஒலியை அவள் கேட்டதே இல்லை.

பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வெளிநாட்டவருக்கு வழங்கும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வைப் பாருங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்த ஒன்றிலும் 5-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். ஏ1 என்ற தொடக்க நிலையில் பேச்சுத் தேர்வு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கடையில் எதையாவது வாங்குவதுபோல நடிக்க வேண்டும். இவ்வளவுதான். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியாததா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இருபது வருடம் பிரெஞ்சு நடத்தினேன். முதல் பத்து வருடம் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே விளக்கினேன். 'தூ', 'வூ' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், அதனால் அரை மணி நேரம் விளக்கம். தமிழில் 'நீ', 'நீங்கள்' என்றால் முடிந்தது. பெரியவர் ஒருவரானாலும் சின்னப் பிள்ளைகள் பலரானாலும் 'நீங்கள்'தான், 'வூ'வும் அப்படியே. மூக்கொலியும் நம்மிடம் இருக்கிறது. பேச்சில் 'மரம்' என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு மூடாது, ஒலி மூக்கில் போய்விடும். 'போன்ஜூர்' முதல் அசையும் அதே மாதிரிதான். இதை வகுப்பில் சொன்ன அன்று பிள்ளைகள் முகத்தில் வந்த சந்தோஷம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அகமதிப்பீட்டின் 20-இல் 5 மதிப்பெண் பாடச் செறிவூட்டலுக்கு. மொழிப் பாடத்தில் அது கேட்டலுக்கும் பேசுதலுக்கும் என்றே வைத்தது. பல பள்ளிகளில் அதை எல்லோருக்கும் முழுதாகப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம், 40 பிள்ளைக்கு 120 நிமிடம், அதாவது மூன்று பீரியட். வருடத்துக்கு இரண்டு தடவை செய்தாலும் ஆறு பீரியட்தான். என்ன கேட்பீர்கள், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போடுங்கள். உச்சரிப்புப் பிழைக்குக் குறைக்க வேண்டாம், கேட்டது புரிந்து பதில் வந்தால் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். பெற்றோர் வந்து கேட்பார்கள், அப்போது காட்ட அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும்.

முதல் தடவை மணி கேட்டே தொடங்குங்கள்.

அன்புடன்.