பக்கம் மூடியாச்சு, தங்கச்சி!
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் தரம் 9. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வெல்லம்பிட்டியில் அக்காவின் வீட்டுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. அந்த நாலு நாளும் போனும் கையுமாக இருந்தேன். வெள்ளம் வடிந்துவிட்டது, நான் இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை. மண்சரிவு, விபத்து, கொலை, எங்கேயோ நடக்கிற யுத்தம் என்று சாமம் இரண்டு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வாட்ஸ்அப்பில் மட்டும் ஒன்பது குழு. டொரன்டோவிலிருந்து மாமியும் நான் படுக்கப் போகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டு, "அங்கே இப்படியாமே" என்கிறார். ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் வெட்டு. தெரியாததால் ஒரு வாளி கூடப் பிடித்து வைக்கவில்லை. பார்த்தால் நித்திரை இல்லை, பார்க்காவிட்டால் தண்ணீர் இல்லை. என்ன செய்ய?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, நீங்கள் இப்போது செய்கிற வேலையை முப்பத்தொரு வருடம் சம்பளத்துக்குச் செய்தவன் நான். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இரவு மேசை. பின்னேரம் ஆறு மணிக்குப் போய்க் குந்தினால் நாட்டில் எங்கே எது இடிந்தாலும் என் மேசையில்தான் வந்து விழும்.

2004 டிசம்பர் 26, சுனாமி அடித்த ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட. அன்றைக்கு எல்லாரையும் நேரத்தோடு கூப்பிட்டுவிட்டார்கள். இறந்தவர்கள் என்று முதலில் கையில் கிடைத்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில்தான். தலைப்பில் அதைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்கு மட்டக்களப்பு. வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மற்றக் கையால் கல்முனைச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். கடைசியில் நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் என்று ஆனதெல்லாம் பல நாள் கழித்துத்தான்.

மறுநாள் காலையில் காலி வீதியில் பேப்பர் வாங்கியவர் கண்டது ஒரே ஒரு எண். அதை வாசித்து ஒரு தரம் அழுதிருப்பார். நாங்கள் ஒரே இரவில் இருபது எண் கண்டோம். அடுத்த கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. அந்த இருபதில் பத்தொன்பது பிழை.

உங்கள் போன் செய்திருப்பது இதைத்தான். பேப்பர் வாசிக்கிற கதிரையிலிருந்து உங்களை எழுப்பி, இரவு மேசையில் கொண்டுபோய் இருத்திவிட்டது. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. எங்களுக்காவது நடுச்சாமம் தாண்டியதும் அச்சுக்கூடத்திலிருந்து "பக்கம் மூடியாச்சு!" என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு வானமே இடிந்தாலும் அது நாளையின் பேப்பருக்கு. நாங்கள் எழும்பிப் போய் றொட்டியும் பிளேன்டீயும் குடிப்போம். உங்களுக்கு அந்தச் சத்தம் போட ஆள் இல்லை.

2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தபோது கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்தார்கள். வெடிப்புக்கு அடுத்த கிழமை நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், அந்த இடத்தில் நேரே நின்றவர்களைவிடக் கூடுதலான மன அழுத்தத்தைச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. இடத்தில் நின்றவன் ஓடுவான், ஆளைத் தூக்குவான். பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர.

அதற்காகச் செய்தியே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் 1983 யூலையில் கொழும்பில் தமிழராக இருந்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த பயம் வேறு. யுத்த காலத்தில் இரவு பிபிசி தமிழோசைக்கு வானொலியைத் திருப்பாத தமிழ் வீடு எத்தனை இருந்தது? ஆனால் ஒன்று, நிகழ்ச்சி முடிந்ததும் வானொலியை மூடிவிட்டுப் படுத்தோம். எங்களுக்குச் செய்தி கேட்டுத்தான் பழக்கம், செய்தியோடு கூடப் படுத்துப் பழக்கமில்லை.

சரி, உங்கள் வாளிக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் தவறவிட்டது செய்தி அல்ல, அறிவித்தல். இரண்டும் ஒரே போனில் வருவதால் ஒன்று போலத் தெரிகிறது. தண்ணீர் வெட்டு, கரண்ட் வெட்டு, பாடசாலை விடுமுறை, மழை எச்சரிக்கை, களனி கங்கையின் நீர்மட்டம் இவையெல்லாம் அறிவித்தல். கேட்டதும் கை கால் அசைக்க வேண்டியவை. தண்ணீர்ச் சபைக்கு 1939, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். மழை நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை நேரே பாருங்கள், யாரோ சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய படத்தை அல்ல.

எங்களுக்கு இதில் இன்னொரு தலையிடி. அறிவித்தல் சிங்களத்தில் சுடச்சுட வரும், தமிழில் ஆறிப்போய் வரும், சிலவேளை வராது. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் குழு புகுந்துவிடுகிறது. உங்கள் மூத்தவன் சிங்களம் வாசிப்பானென்றால் அவனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். காலையில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா பார்த்துச் சொன்னால் போதும். பிள்ளைக்கும் பெருமை.

ஒன்பது குழுவில் அக்காவும் வீட்டாரும் இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு மற்ற எட்டின் வாயையும் அடையுங்கள். வெளியேற வேண்டாம், வெளியேறினால் அது வேறு சண்டை. இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்காரனே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறான். அனுப்புகிறவனே நம்பாத சாமானை நீங்கள் ஏன் நடுச்சாமத்தில் நம்ப வேண்டும்? விடியட்டும்.

மாமியைக் கோபிக்காதீர்கள். குளிர்காலத்தில் அங்கே மத்தியானம் ஒரு மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை. அவர் சாப்பிட்டுவிட்டுத் தனியே இருக்கிற நேரம் அது. ஊரைப் பற்றிய பயம்தான் அவருக்கு ஊரோடு இருக்கிற தொடர்பு. நீங்களே காலையில் எழும்பியதும் கூப்பிடுங்கள், அங்கே அப்போது முதல்நாள் இரவுதான். என்ன சமையல் என்று நீங்கள் முந்திக்கொண்டு கேளுங்கள். புளிக்குழம்பு பற்றிப் பேசத் தொடங்கினால் மாமிமார் மண்சரிவை மறந்துவிடுவார்கள்.

அப்புறம், இரவு ஒன்பதரைக்குப் பக்கத்தை மூடுங்கள். போன் குசினியில், அரிசி டின்னுக்கு மேல். நானும் அங்கேதான் வைக்கிறேன். ஒழுங்காக வைக்கிறேன் என்று சொன்னால் பொய். நவம்பரில் மூன்று இரவு எழும்பிப் போய், குசினி இருட்டில் நின்றபடி பார்த்தேன். நின்று பார்த்தால் முழங்கால் பத்து நிமிடத்தில் படுக்கச் சொல்லிவிடும், அது ஒரு வசதி. இவ்வளவும் செய்தும் கிழமைக்கணக்காக நித்திரை வராவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு ஒரு கோல் எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றேதானே கெட்ட செய்தியாகப் போடுகிறீர்கள்?
- வாசகர், தெஹிவளை

பதில்: பாதி உண்மை. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு இணையத்தளத்தின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தலைப்புகளை ஆராய்ந்தார்கள். சராசரி நீளத் தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் அதைத் திறந்து பார்ப்பது 2.3 சதவீதம் கூடியதாம். மீதிப் பாதி நீங்கள்தான். மண் சரிந்து மூடிய மலைநாட்டு வீதியை எத்தனையோ தரம் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அதே வீதி திறந்த செய்தியை ஏழாம் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டதும் நான்தான். ஏன் மூலையில் போட்டாய் என்று ஒருவர் கூடக் கடிதம் எழுதவில்லை.

கேள்வி: என் மனைவி செய்தியே பார்ப்பதில்லை. "கேட்டால் தலை இடிக்கிறது" என்கிறார். நாட்டு நடப்புத் தெரியாமல் இருப்பது பொறுப்பின்மை இல்லையா?
- வாசகர், வத்தளை

பதில்: உங்கள் மனைவி தனி ஆள் இல்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரொய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் எடுக்கிற கணக்கெடுப்பில், செய்தியைச் சிலநேரமோ அடிக்கடியோ தவிர்க்கிறோம் என்றவர்கள் 2017இல் 29 சதவீதம், 2024இல் 39. அது இருக்கட்டும். அடுத்த முறை காஸ் விலை மாறும்போது உங்கள் வீட்டில் யார் முதலில் சொல்கிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.