ஸ்பெல்லிங்கில் பத்துக்கு மூன்று

தம்பி, தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், படிக்கும் மகள் ஸ்பெல்லிங்கில் பத்துக்கு மூன்று வாங்கிவிட்டாள், டியூஷன் சேர்க்கலாமா, சிங்கப்பூர் ஈசூனில் வாடகை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை வீட்டு முகவர் சொல்வார். டியூஷனுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

2009இல் மன்னார்குடியிலிருந்து நாங்கள் வந்தபோது என் மகனுக்கும் அதே வகுப்புதான். அவனுடைய முதல் தாளில் மூன்று பூனைகள் இருக்க வேண்டிய இடத்தில் மரப் பூனைகள் இருந்தன. இங்கே பலர் 'த்ரீ'யை 'ட்ரீ' என்றே சொல்வதால், காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தான். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' தொடக்கத்துக் கே இல்லாமல் நின்றது. நானோ ஊர் வாத்தியாரைப்போல ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதவைத்தேன். வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து வாங்கினான்; திங்கட்கிழமை கே மறுபடியும் காணாமல் போயிற்று.

அவனுடைய ஆசிரியை சொல்லித்தான் எனக்கு விளங்கியது. 'நைஃப்' என்று கேட்டுக் கே-யை விட்டவன் ஒலியைச் சரியாகவே பிடித்திருக்கிறான். ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்ட அந்தக் கே, நாக்கிலிருந்து நழுவிய பிறகும் எழுத்தில் தங்கிவிட்டது, அவ்வளவே. அத்தகைய பிழை, சொல்லைக் கண்ணால் பலமுறை பார்த்தால்தான் தீரும். மரப் பூனை வேறு வகை: அங்கே காதைத் திருத்த வேண்டும். ஒரே 'ப'வை இரண்டு ஒலிக்கும் வைத்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் P, B இரண்டையும் மாற்றி எழுதுவதும் இந்த வகைதான். ஆகவே, தவறிய ஏழு சொற்களையும் மகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த வகை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம்மவர்களில் சிலர், வந்து ஆறு மாதம் ஆவதற்குள் மூன்று டியூஷன் சேர்த்துவிட்டு, மின்தூக்கியில் நின்று மதிப்பெண் விசாரிப்பார்கள். 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் ஆண்டு மதிப்பெண்ணில் சேர்த்துக் கணக்கிடும் தேர்வே கிடையாது என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. உண்மையிலேயே வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பள்ளியே முதல் ஆண்டின் தொடக்கத்தில் கண்டறிந்து, சிறு குழுவாக உட்காரவைத்துத் தனியே சொல்லிக்கொடுக்கிறது.

நாங்கள் ஸ்கேலை மூலையில் போட்டுவிட்டுச் சனிக்கிழமைதோறும் தோ பாயோ நூலகத்துக்குப் போகத் தொடங்கினோம். நான் வரிக்கு அடியில் விரல் வைத்து வாசிக்க, அவன் கூடவே வருவான். சில வாரம் கழித்து, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே பாத்திரக் கடையில் தொங்கிய அட்டையைப் பார்த்து அவன் நின்றுவிட்டான். "அப்பா, இவர்கள் கே-யை மறந்துவிட்டார்கள்" என்றான். கடைக்காரர் உண்மையிலேயே மறந்திருந்தார்.