கொட்டை, பஞ்சு, பேல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரு குவிண்டால் பருத்தியில் எத்தனை கிலோ பஞ்சு கிடைக்கும்?

என்ன ரகம், எத்தனையாவது எடுப்பு, ஈரம் எவ்வளவு? மூன்றில் ஒன்றையும் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். நன்கு காய்ந்த பி.டி. (மரபணு மாற்றிய) பருத்தி என்றால் 34 கிலோ பஞ்சு, 63 கிலோ கொட்டை, மிச்சம் சருகும் தூசியும். 170 கிலோ பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) ஒன்றுக்கு 5 குவிண்டால் பருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டு ரகத்தை, அதாவது கறைபட்ட மட்டப் பருத்தியை, கலந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

காலை 6 மணிக்கே ஆள் விட்டு எடுக்கலாமா?

கூடாது. பனி காயட்டும். கொட்டையைக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். 12 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு அம்பாரம் போட்டால் உள்ளே சூடேறிப் பஞ்சு மஞ்சளடிக்கும், கொட்டையின் முளைப்புத்திறனும் போய்விடும். ஜின்னிங்குக்கு, அதாவது கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்க, 8, 9 சதவீதம் போதும்.

பருத்தியை உரச் சாக்கில் பிடித்ததற்காக வியாபாரி விலையைக் குறைக்கிறார். சாக்கைக் கழுவித்தானே பிடித்தோம்?

கழுவினால் அழுக்குதான் போகும், பிளாஸ்டிக் போகாது. யூரியா சாக்கு வெயிலில் கிடந்து இற்றதும் நூல் நூலாகப் பிரியும். வாய் தைத்த நூலை அறுத்து, அந்தத் துண்டை அம்பாரத்திலேயே போடுகிறவர்கள்தான் அதிகம். சுத்தம் செய்யும் எந்திரத்தின் முள் உருளையில் அது பத்துத் துண்டாகிறது. நூற்பாலையில் கார்டிங் (பஞ்சை இழை இழையாகச் சீவுவது) தாண்டும்போது முடி அளவுக்குச் சிதறிவிடும். வெள்ளைப் பஞ்சில் வெள்ளை இழை, யார் கண்ணுக்குத் தெரியும்? திருப்பூரில் கருநீலச் சாயம் போட்ட பிறகுதான் தெரியும். பாலிபுரோப்பிலீன் அந்தச் சாயத்தைப் பிடிக்காது, துணியில் வெள்ளைக் கீற்றாக நிற்கும். அந்தத் துணி கழிவுக்குத்தான். சணல் சாக்கும் உதவாது, அதன் நாரும் இதே வேலையைச் செய்யும். பழைய வேட்டி, பருத்திச் சேலையில் மூட்டை கட்டுங்கள்; பருத்தி நூலால் தையுங்கள். எடுப்பவர்கள் தலையில் துணி கட்டட்டும், தலைமுடியும் கலப்படம்தான். இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. உங்கள் வியாபாரி குறைத்தது நியாயமே.

டபுள் ரோலர் ஜின்னில் கொட்டை உடைகிறது, கத்தியை மாற்றவா?

முதலில் பருத்தியின் ஈரத்தைப் பாருங்கள். ஈரக் கொட்டை நசுங்கும். அது சரி என்றால் கொட்டை விழும் சல்லடையின் இடைவெளியைப் பாருங்கள். குறுகலாக இருந்தால் பஞ்சு நீங்கிய கொட்டையும் கீழே விழாமல், அசையும் கத்தியிடம் திரும்பத் திரும்ப அடி வாங்கும். அகலம் கூடினால் பஞ்சு நீங்காத கொட்டையும் விழும். ரோலரின் வரிப்பள்ளம் மழுங்கியிருந்தால் பள்ளம் போடுங்கள். அழுத்தத்தைக் கூட்டிச் சமாளித்தால் ரோலர் சூடாகும், அதன் தோல் வட்டுகள் வீணாகத் தேயும். கத்தியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பேல் கட்டிய பட்டை தெறிக்கிறது.

பஞ்சு அதிகமாகக் காய்ந்திருக்கும். 5 சதவீத ஈரத்தில் அழுத்தினால் எதிர்த்து உப்பும். பிரஸ்ஸுக்கு முன் ஈரப்பத எந்திரத்தால் 7, 8க்குக் கொண்டுவாருங்கள். குழாயைப் பிடித்துப் பீய்ச்சாதீர்கள். நடுவில் பூஞ்சணம் பிடிக்கும்.

சுவின் என்ற மிக நீள இழைப் பருத்தியை சா ஜின்னில் (ரம்பப் பல் வைத்த ஜின்) போடலாமா?

போடாதீர்கள். அவ்வளவு நீள இழையை ரம்பம் அறுத்துவிடும். ரோலர்தான்.

பஞ்சு வியாபாரத்தில் சொல்லும் ஒரு கண்டி எத்தனை கிலோ?

356. இரண்டு பேலுக்குச் சற்றுக் கூடுதல்.