கேள்வி உங்களுடையது, ஸ்க்ரூடிரைவர் என்னுடையது: பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றித்தான். அதனால் பிரின்டர், வைஃபை கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். கோர் ஐ7-12700எஃப் பிராசஸர், எச்610 மதர்போர்டு, லிக்விட் கூலர், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 (6 ஜிபி) கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, லைட் எரியும் கண்ணாடி கேபினெட். மானிட்டர் பழைய 1080பி, 60 ஹெர்ட்ஸ். வாலரன்ட், சைபர்பங்க் 2077 இரண்டும் ஆட வேண்டும். பட்டியல் சரியா? – கல்லூரி மாணவர்

தம்பி, உங்கள் பட்டியலில் முதல் மூன்று பொருளைப் படித்ததும் பெரிய பட்ஜெட் என்று நினைத்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு வந்ததும் காசு எங்கே தீர்ந்தது என்று புரிந்துவிட்டது.

பட்டியலை மானிட்டரிலிருந்து எழுதத் தொடங்குங்கள். உங்கள் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட் அவகாசம். அந்த நேரத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே பட்டது என்பதையெல்லாம் பிராசஸர் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கி, 1080பி என்றால் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்களையும் வரைந்து முடிக்க வேண்டும். இரண்டில் எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் உங்கள் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. சைபர்பங்க் மாதிரி கனமான கேமில் 12700எஃப் தன் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, 3050 எப்போது வரைந்து முடிக்கும் என்று கை கட்டி நிற்கும். வாலரன்ட் நேர்மாறு: கார்டுக்கு அதில் பெரிய வேலை இல்லை, பிராசஸர்தான் ஓட வேண்டும். ஆனால் 300 எஃப்பிஎஸ் வந்தாலும் 60 ஹெர்ட்ஸ் திரையில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது 60தான்.

அந்த 3050 பற்றியும் ஒரு வார்த்தை. 8 ஜிபி 3050-யில் 2560 கோர், 128 பிட் மெமரி பாதை. 6 ஜிபி 3050-யில் 2304 கோர், 96 பிட். பெட்டியில் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய பேர். இப்படிப் பெயர் வைப்பதை நான் நேர்மை என்று சொல்ல மாட்டேன்.

நான் செய்வதாக இருந்தால் இப்படி மாற்றுவேன். 12700எஃப்பை எடுத்துவிட்டு ஐ5-12400எஃப். 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் 12 வேலையைக் கவனிக்கும்), உங்கள் இரண்டு கேமுக்கும் தாராளம். பெட்டியோடு வரும் கூலரே அதற்குப் போதும், எனவே லிக்விட் கூலரும் போகிறது. டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போது, 180 வாட் வரை கேட்கிற 12700எஃப்பை மலிவான எச்610 போர்டில் உட்கார வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. அந்த போர்டுகள் பலவற்றில் பிராசஸருக்குக் கரண்ட் தரும் பகுதி மெலிசு. கண்ணாடி கேபினெட்டுக்குப் பதில் முன்பக்கம் வலை போட்ட சாதாரண கேபினெட். காற்று உள்ளே வர வேண்டும், லைட் எரிந்தால் எஃப்பிஎஸ் ஏறாது. மிச்சமான பணம் மொத்தமும் கார்டுக்கு: 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600, பணம் இடம் கொடுத்தால் ஆர்டிஎக்ஸ் 4060. 6600-ல் ரே டிரேசிங் (ஒளியும் நிழலும் நிஜம்போல் வரையும் முறை) ஆசை மட்டும் வேண்டாம். அப்புறம், சைபர்பங்க் ஒன்றே 70 ஜிபி கேட்கும், 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் அதுவும் ஏறினால் மூச்சு முட்டும். என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியில் 1 டிபி வாங்குங்கள். அதில் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) போதும், கேம் திறக்கும் நேரத்தில் ஜென் 4-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் உணர மாட்டீர்கள்.

இதற்குப் பிறகும் பணம் இருந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். வாலரன்டில் நீங்கள் முதலில் உணரப்போகும் மாற்றம் அதுதான்.

கேள்வி: பட்ஜெட் கொஞ்சம் இடிக்கிறது. 500 வாட் பவர் சப்ளை பாதி விலையில் ஒன்று இருக்கிறது. 12400எஃப், ஆர்எக்ஸ் 6600-க்கு 500 வாட் போதும்தானே? – ஒரு வாசகர்

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். பணம் இடித்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது பவர் சப்ளையில்தான்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்க்காதீர்கள். யூனிட்டைத் திருப்பினால் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர், அதில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை. +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். முன்பு ஒருவர் என்னிடம் கொண்டுவந்த ‘500 வாட்’ யூனிட்டில் அங்கே 20 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 240 வாட். மீதி வாட்டெல்லாம் இன்றைய மெஷின் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் கணக்கில் எழுதிய எண்கள். உங்கள் 12400எஃப் உச்சத்தில் 117 வாட் கேட்கும், 6600-க்கு 132 வாட். கூட்டினால் 249. ஃபேன், எஸ்எஸ்டி சேர்க்கும் முன்பே அந்த யூனிட் தாண்டிவிட்டது. கேம் நடுவில் மெஷின் பட்டென்று அணைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அணையாமல் ஓடினால்தான் போர்டுக்கும் கார்டுக்கும் ஆபத்து.

நல்ல நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் யூனிட், 12 வோல்ட்டில் 40 ஆம்பியரை ஒட்டித் தருவது, உங்களுக்குத் தாராளம். 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புச் சுற்றுக்கான சான்று அல்ல. இன்னொன்று: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள யூனிட் என்றால், ஒரு யூனிட்டின் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும். ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் படிப்புக்கும் உதவும் என்கிறான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன். உண்மையா? – ஒரு அம்மா

அம்மா, பாதி உண்மை. அனிமேஷன், வீடியோ எடிட்டிங், பொறியியல் வரைபடம், இயந்திரக் கற்றல் என்று போனால் நிச்சயம் உதவும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு அது தேவையே இல்லை, உங்கள் மகனுக்கும் அது தெரியும். ஒரு வழி சொல்கிறேன். இப்போது ரைசன் 5 8600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸரும் நல்ல பவர் சப்ளையும் வைத்து மெஷினைக் கட்டிக்கொடுங்கள். லேசான கேம்கள் ஓடும். ரேம் மட்டும் இரண்டு துண்டாக இருக்கட்டும், இந்த வகைக்கு அது ரொம்ப முக்கியம். கார்டைத் தேர்வு முடிந்த பிறகு செருகிக்கொள்ளலாம், அதற்கு ஒரு ஸ்லாட் காலியாகவே இருக்கும். நான் இப்படிச் சொன்னதை மகனிடம் காட்ட வேண்டாம்.

கேள்வி: ரைசன் 5 5500, 5600, 5600ஜி மூன்றும் ஒன்றுதானா? – ஒரு வாசகி

மூன்றுக்கும் 6 கோர், 12 திரெட். அங்கே ஒற்றுமை முடிகிறது. 5600-ல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி), மற்ற இரண்டில் 16. கேமுக்கு இந்த கேஷ் முக்கியம். கார்டோடு பேசும் பிசிஐஇ பாதை 5600-ல் 4.0, மற்றவற்றில் 3.0. தனி கார்டு போடுவதாக இருந்தால் 5600-ஐயே வாங்குங்கள். கார்டே இல்லை என்றால் மட்டும் 5600ஜி, மற்ற இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. பழைய பி450 போர்டு வைத்திருந்தால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் இவை எழாது, அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: 3200 என்று போட்ட டிடிஆர்4 ரேம் இரண்டு வாங்கினேன். டாஸ்க் மேனேஜரில் 2400 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? – ஒரு வாசகர்

இல்லை. பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு அது. சில ஏஎம்டி போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். அடுத்தடுத்து மாட்டினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில், போய் விழும்.

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா? கிரிப்டோ மைனிங்கில் ஓடியதாக இருந்தால்? – ஒரு வாசகர்

பட்ஜெட் பிசிக்குப் பழைய கார்டு நல்ல வழிதான், கண்ணால் பார்த்து வாங்கினால். மைனிங் என்றதும் ஓட வேண்டாம். அந்த கார்டுகளில் முதலில் தேய்வது சிப் அல்ல; ஃபேனும், மெமரி மேல் ஒட்டிய, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடும்தான். காசு கொடுக்கும் முன் கார்டைக் கையில் வாங்கி, ஃபேனை விரலால் மெதுவாகத் தட்டிச் சுற்றுங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் தெரிந்துவிடும். பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய மலிவு என்விடியா கார்டில் பயாஸை மாற்றி எழுதி, மேல்ரகப் பெயரில் விற்கிறார்கள். அப்படிப்பட்டதைப் பெரும்பாலும் ‘ஃபேக்’ என்றே அது காட்டிக்கொடுக்கும். கனமான கேம் ஒன்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளி, கோடு வருகிறதா, வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். எல்லா போர்ட்டிலும் கேபிளை மாட்டிப் பார்க்கவும் மறக்காதீர்கள். விற்பவர் “ஓட்டிக் காட்ட மெஷின் இல்லை” என்றால், சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்த டெஸ்க்டாப் கிடைத்திருக்கிறது. பவர் சப்ளை சின்னது, கார்டுக்கான கேபிளே இல்லை. ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு வாசகர்

மேலே நான் திட்டிய அதே 6 ஜிபி 3050 உங்களுக்குத்தான். 70 வாட், பல மாடல்களில் தனி கேபிள் வேண்டாம், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கேபினெட் ஒல்லியாக இருந்தால் பாதி உயர மாடல் கேளுங்கள், அளந்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: 12400எஃப் வைத்து எல்லாம் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு! – பதற்றத்தில் ஒரு வாசகர்

எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். பெயரில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கீழே கார்டில் உள்ள துளைக்கு மாற்றுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். படம் வந்ததும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 144 மானிட்டரை 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.